கரையான்சாவடியில் பூமி சுற்றிய ஞாயிறு

அம்மாவுக்கு இயற்பியல் மேல் எந்தப் பகையும் கிடையாது. டெல்லி மேல்தான் பகை.

எம்.எஸ்சி. கடைசித் தேர்வை எழுதிவிட்டு நான் வீட்டில் சும்மா இருந்த நேரம். டெல்லியில் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்திருப்பதாகத் தபால் வந்தது. வருகிறேனா இல்லையா என்று அந்த மாதக் கடைசிக்குள் பதில் போட வேண்டும். அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். தபாலை நிதானமாகப் படித்தார், மடித்தார், "அம்மாகிட்ட கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். எங்கள் வீட்டில் பெரிய அதிகாரிகள் இப்படித்தான் கோப்பை அடுத்த மேஜைக்குத் தள்ளுவார்கள்.

அம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் பேச்சில் ஓர் எழுத்தைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை. அவள் சண்டை போட மாட்டாள். கேள்வி கேட்பாள். சண்டை போட்டால் தேவலை என்று தோன்றும்.

"ஏட்டி, இங்க இல்லாத படிப்பா அங்க இருக்கு?"

"அது ஆராய்ச்சிம்மா. இங்க அதுக்கு வசதி இல்ல."

"மேல இருந்து கல்ல போட்டா எந்த ஊர்லயும் ஒண்ணு போலத்தான் விழும்னு நீதான சொன்ன? அதான் உன் படிப்போட பெருமைன்னு சொன்னியே. எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்னா இங்கனயே இருந்து படிக்க வேண்டியதுதான?"

சொன்னது நான்தான். இயற்பியல் என்றால் என்ன என்று அவள் மாவாட்டிக்கொண்டே கேட்டபோது, பெரிய மேதாவி மாதிரி சொல்லிவைத்திருந்தேன். அதை அவள் பத்திரமாக வைத்திருந்து, சமயம் பார்த்து என் மேலேயே போட்டுவிட்டாள். பதில் தெரியாவிட்டால் எனக்குக் கோபம் வரும். தட்டை நங்கென்று வைத்துவிட்டு எழுந்து போனேன். அதனால் டெல்லி ஓர் அங்குலம்கூடப் பக்கத்தில் வரவில்லை.

அந்தக் காலத்தில் என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஒரு கூட்டத்துக்குச் சொந்தம். இயற்பியல் படிக்கிறவர்களும், படித்து முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்களும் ஊருக்கு ஊர் சின்னக் குழுவாகச் சேர்ந்து, ஒரு குழு இன்னொரு குழுவுக்குப் போஸ்ட்கார்டு போட்டுக்கொள்ளும். வேலூரில் ஒன்று, கும்பகோணத்தில் ஒன்று, நாகர்கோவிலில் ஒன்று. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றுக்கும் சேர்த்து நாங்கள் ஏழெட்டுப் பேர். விதி ஒன்றே ஒன்றுதான். மாதம் ஒரு தடவையாவது தெருவில் நின்று, வழியில் போகிறவர்களுக்கு ஒரு சோதனையைச் செய்து காட்ட வேண்டும். அதைப் பற்றி மற்ற ஊர்க்காரர்களுக்கு எழுத வேண்டும். நன்றாக நடந்தது என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சொதப்பிவிட்டோம் என்று எழுதினால் எல்லா ஊரிலிருந்தும் ஆசை ஆசையாகக் கார்டு வரும், எங்கே தப்பு என்று ஆளுக்கொரு காரணத்தோடு.

எங்களுக்குக் கார்டு நிறையவே வந்தது. ஒரு தடவை ஆவடியை அடுத்த சேக்காட்டில் ஒரு தகர டின்னில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, இறுக மூடி, மேலே பச்சைத் தண்ணீரைக் கொட்டினோம். டின் தானாகவே நசுங்கியது. சுற்றியிருக்கிற காற்றுதான் அதை நசுக்கியது என்று விளக்கினோம். கூட்டம் கைதட்டியது. ஆனால் கலையவில்லை. கடைசியில் ஒருவர் பொறுமை இழந்து, "அதெல்லாம் சர்தாம்பா, மருந்து எப்ப விப்பீங்கோ?" என்று கேட்டார். வித்தை காட்டிக் கூட்டம் சேர்த்தால் முடிவில் தைலமோ லேகியமோ விற்பதுதான் முறை. நாங்கள் எதையும் விற்கப் போவதில்லை என்று தெரிந்ததும் ஏமாற்றிவிட்ட மாதிரி முறைத்துக்கொண்டு போனார்கள்.

ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போ வாசலில், அட்டைப் பெட்டியில் ஊசித்துளை போட்டுச் செய்த கேமராவைக் காட்டியபோது, ஒரு கண்டக்டர் அதற்குள் தன் பஸ் தலைகீழாக நிற்பதைப் பார்த்தார். "இத்த மொதல்ல நேரா நிக்க வச்சுட்டு கூப்டு நைனா" என்று சொல்லிவிட்டு டிக்கெட் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குக் கும்பகோணத்திலிருந்து மட்டும் மூன்று கார்டு வந்தது.

எங்கள் அமைப்பாளன் அம்பத்தூர்க்காரன். "எங்க தாத்தா நாத்து நட்ட எடத்துலதான் எங்க நைனா இப்ப போல்ட்டு முடுக்கிகினு கீறாரு" என்று அவன் தொழிற்பேட்டையைக் காட்டிச் சொல்லுவான். தான் எதை முடுக்கப்போகிறோம் என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. வாய் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். அவனுக்கு நேர் எதிர், பூந்தமல்லியை ஒட்டிய கரையான்சாவடியில் சைக்கிள் கடை வைத்திருந்தவரின் மகன். அவன் பேசினால் நாங்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்போம், அவ்வளவு அபூர்வம். இவர்கள் இரண்டு பேரையும் நான் திட்டாத ஞாயிறு கிடையாது. இவர்கள் இல்லாத ஞாயிறும் எனக்குப் பிடிக்காது.

ஊசலைத் தொங்கவிடலாம் என்று சொன்னது அமைப்பாளன். உயரமான கூரையிலிருந்து நீளக் கம்பியில் கனமான குண்டு ஒன்றைக் கட்டி ஆட்டிவிட்டால், அது ஆடும் கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே போகும். உண்மையில் திரும்புவது குண்டு இல்லை. அதன் கீழே இருக்கிற தரை, அதாவது பூமி. பூமி சுற்றுவதை ஒரு அறைக்குள் உட்கார்ந்தபடி கண்ணால் பார்க்க இதைவிட நேரான வழி இல்லை. புத்தகத்தில் படித்திருந்தோமே தவிர, நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

சைக்கிள் கடைக்காரர் மகனின் மாமா கரையான்சாவடியில் ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். கூரை போட்டாயிற்று, பூச்சு வேலை நடக்கவில்லை. நடுக்கூரையில் சரவிளக்கு மாட்ட ஒரு பெரிய கொக்கி மட்டும் தயாராகத் தொங்கியது. அதைப் பார்த்த அன்று அமைப்பாளன் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். "மாமே, இது விளக்குக்குப் போட்ட கொக்கி இல்ல, நமக்குப் போட்டது" என்று எங்களிடம் சொன்னான். கல்லூரியிலிருந்து ஷாட்புட் குண்டு ஒன்றை இரவல் வாங்கினோம். தொழிற்பேட்டையில் அவன் அப்பாவின் கூட்டாளி ஒருவர் அதன் தலையில் ஒரு வளையத்தையும் அடியில் ஓர் ஆணியையும் பற்றவைத்துக் கொடுத்தார்.

அமைப்பாளன் தன் கையாலேயே நோட்டீஸ் எழுதினான்: 'பூமி சுற்றுவதைக் கண்ணால் காண வாருங்கள்! அரை மணி நேரத்தில்!' குண்டு ஆடும் கோட்டுக்குச் சற்றுத் தள்ளி, வட்டமாகச் சாக்பீஸ்களை நிற்கவைப்போம். கோடு திரும்பத் திரும்ப ஆணி ஒவ்வொரு சாக்பீஸாக இடித்துத் தள்ளும். முதல் சாக்பீஸ் அரை மணியில் விழும். எங்களிடமிருந்த வெளிநாட்டுப் புத்தகத்தில் கணக்கு அப்படித்தான் இருந்தது.

நோட்டீஸில் ஒன்றை நான் வீட்டுக்கும் கொண்டுபோனேன். அம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "நானும் வாரேன்" என்றாள்.

"எங்க?"

"நீ போற எடத்துக்குத்தான். வாராவாரம் எங்க போற, என்னத்த பண்ணுத, ஒண்ணும் தெரியல. பாத்துட்டு டெல்லிக்கு ஒரு பதில் சொல்லுதேன்."

அன்று ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை. அந்த முதல் சாக்பீஸ் விழும்போது அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது விழுந்தால் டெல்லி. இவ்வளவு சுலபமா என்று சந்தோஷமாகவும் இருந்தது.

ஞாயிறு காலை அம்மா எலுமிச்சம்பழச் சோற்றை டிபன் கேரியரில் அடைத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள். நாங்கள் போய்ச் சேரும்போது மண்டபத்தில் நல்ல கூட்டம். கடைத்தெருவில் இருந்தவர்கள், பக்கத்துத் தெருப் பெண்கள், ஞாயிறானாலும் வந்திருந்த கொத்தனார் ஒருவர், எண்ண முடியாத குழந்தைகள். அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலியை முன்வரிசையில் போட்டார்கள். அவள் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி நேராக உட்கார்ந்தாள்.

குண்டைக் கையால் விட்டால் பக்கவாட்டில் லேசாகத் தள்ளிவிடுவோம், கோடு கெட்டுவிடும். அதனால் ஒரு பக்கமாக இழுத்து நூலால் கட்டி, அது ஆடாமல் நிற்கும்வரை காத்திருந்து, நூலை நெருப்புக்குச்சியால் எரித்தோம். நூல் அறுந்தது. குண்டு நிதானமாகப் புறப்பட்டு, அந்தப் பக்கம் போய், திரும்பி வந்தது. கூட்டம் மூச்சுவிடவில்லை. ரொம்ப அழகாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது.

கால் மணி போயிற்று. அமைப்பாளன் மைக்கில் பூமி, சூரியன், சந்திரன் எல்லாவற்றையும் பற்றிப் பேசினான். அரை மணி போயிற்று. எந்தச் சாக்பீஸும் அசையவில்லை. அவன் செவ்வாய், வியாழன் பக்கம் போனான். முக்கால் மணியில் அவனிடம் கிரகங்கள் தீர்ந்துவிட்டன.

சைக்கிள் கடைக்காரர் மகன் என் தோளைத் தட்டி, பூசாத சுவர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். ஒரு செங்கல் துண்டால் சுவரில் சூத்திரத்தை எழுதினான். அதில் ஒரு எழுத்தைச் சுற்றி வட்டம் போட்டான். பிறகு அந்த எழுத்தின் இடத்தில் பதின்மூன்று என்று எழுதினான்.

அந்த எழுத்து ஊரின் அட்சரேகை. பூமத்திய ரேகையிலிருந்து ஊர் எவ்வளவு வடக்கே இருக்கிறதோ அவ்வளவு வேகமாகக் குண்டின் கோடு திரும்பும். புத்தகம் எழுதினவர் ஐரோப்பாக்காரர். மணிக்குப் பதினோரு டிகிரி என்று தன் ஊர்ப்பக்கத்துக் கணக்கைப் போட்டிருந்தார். கரையான்சாவடிக்கு மணிக்கு மூன்றரை டிகிரிகூடத் தேறாது. முதல் சாக்பீஸ் விழவே ஒன்றரை மணி ஆகும். அதற்குள் வீச்சு குறைந்து குண்டு அந்த வட்டத்தை எட்டவே எட்டாது. இந்தச் சூத்திரத்தை நாங்கள் மூன்று பேரும் தேர்வில் எழுதி முழு மார்க் வாங்கியவர்கள். அந்த எழுத்தில் நம் ஊரைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அட்சரேகை என்பது வெளிநாட்டில் இருக்கிற ஏதோ ஒன்று என்று நினைத்துவிட்டோம் போல. பிற்பாடு இதை எழுதியபோது நாகர்கோவில்காரர்கள், தாங்களும் அதே புத்தகத்தை வைத்துக்கொண்டு அதே ஏற்பாட்டில் இருந்ததாகவும், தங்கள் ஊரில் அது இன்னும் மெதுவாகத் திரும்பும் என்பதால் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் சொல்லிவைக்க வேண்டியிருந்திருக்கும் என்றும் கார்டு போட்டார்கள்.

அமைப்பாளன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு எங்களிடம் வந்தான். சுவரைப் பார்த்தான். அவனுக்கும் முகம் விழுந்துவிட்டது. ஆனால் அவன் மூளை நிற்காது.

"சிஸ்டர், சாக்பீச கொஞ்சம் உள்ள தள்ளி வச்சுடலாம். அப்டியே குண்ட லேசா ஒரு தட்டு தட்னா போதும். ஒருத்தனுக்கும் தெரியாது."

"என்னடா சொல்ற?"

"பூமி சுத்துறது நெசம்தான? நாம இன்னா பொய்யா சொல்றோம்? லேட்டா நடக்கப் போறத கொஞ்சம் சீக்கிரமா காட்றோம். அவ்ளோதான் மேட்டரு."

எனக்கு ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் அதுதான் பொய். ஒரே ஒரு தட்டு. சாக்பீஸ் விழும், கூட்டம் கைதட்டும், அம்மா சரி என்பாள். திரும்பி அம்மாவைப் பார்த்தேன். ஊரே கசமுசா என்று பேசிக்கொண்டிருக்க, அவள் மட்டும் குண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குண்டு போகிற பக்கமெல்லாம் அவள் தலையும் கொஞ்சம் போய் வந்தது. நான் சொன்னதை நம்பி, நிஜமாகவே பூமி சுற்றுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். இவளை ஏமாற்றிவிட்டு டெல்லியில் போய் உட்கார்ந்து நான் எதை அளப்பேன் என்று நினைத்தேன். எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது, வழக்கம்போல அமைப்பாளன் மேல்.

"குண்டைத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன்."

"அப்ப நீயே போய் சொல்லு" என்று மைக்கை என் கையில் திணித்தான்.

அதுவரை நான் மைக்கில் பேசியதில்லை. என் குரலே எனக்கு யாருடையதோ மாதிரி கேட்டது. "எல்லாரும் மன்னிக்கணும். எங்க கணக்கு தப்பு. வெளிநாட்டுக் கணக்கை அப்படியே இங்க போட்டுட்டோம். பூமி எல்லாருக்கும் ஒரு நாளைக்கு ஒரு சுத்துதான் சுத்துது. ஆனா இந்தக் குண்டோட கோடு திரும்புறது ஊருக்கு ஊர் மாறும். வடக்கே போகப் போக வேகமாத் திரும்பும். நம்ம ஊர்ல ரொம்ப மெதுவா. கண்ணுக்குத் தெரியணும்னா ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காரணும். சாக்பீஸ் விழாது. இருக்க முடிஞ்சவங்க இருங்க."

கொத்தனார்தான் முதலில், "நம்ம ஊரு பஸ்ஸு மாதிரிதான் பூமியும் வருது போல கீது" என்றார். மண்டபமே சிரித்தது. சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் காலி நாற்காலிகளும், இரண்டு மூன்று குழந்தைகளும், அம்மாவும்தான் மிச்சம்.

எனக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை. அம்மாவிடம் போய், "வாம்மா, வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

"ஏன்? சுத்தும்னியே."

"ரொம்ப நேரம் ஆகும்மா."

"ஆவட்டும். இவ்ளோ தூரம் பஸ்ஸு ஏறி வந்தாச்சி. பாக்காமயா போறது?"

அவள் சொன்னதும் எங்களுக்கு உயிர் வந்தது. சாக்பீஸ்களைப் பொறுக்கி எடுத்தோம். குண்டை மறுபடி இழுத்துக் கட்டினோம். அமைப்பாளன் தீப்பெட்டியை அம்மாவிடம் நீட்டி, "நீங்கோ பத்த வைங்கம்மா" என்றான். அம்மா தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, விளக்கேற்றுகிற மாதிரி கையால் காற்றை மறைத்து, நூலில் நெருப்பை வைத்தாள். குண்டு கிளம்பியது. அது ஆடும் தடத்திலேயே சைக்கிள் கடைக்காரர் மகன் தரையில் சாக்பீஸால் நேராக ஒரு கோடு இழுத்தான்.

பிறகு அம்மா கேரியரைத் திறந்தாள். எங்கள் இரண்டு பேருக்கென்று கொண்டுவந்த சோறு, குழந்தைகளோடு சேர்த்து ஆறு பேருக்குப் பங்கானது. அமைப்பாளன் வெட்கமே இல்லாமல் திரும்பத் திரும்பக் கை நீட்டினான்.

"உங்க பொண்ணு இன்னிக்கி என் கைய ஒடிச்சிருக்கும்மா" என்று அம்மாவிடம் புகார் சொன்னான்.

"ஒடிப்பா. கோவம் வந்தா அவளுக்குக் கண்ணு தெரியாது" என்று சொல்லி, இன்னொரு பிடி வைத்தாள். "எதுக்கு ஒடிக்க வந்தா?"

அவன் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். அம்மா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி குண்டைப் பார்க்க ஆரம்பித்தாள்.

வெயில் ஜன்னல் ஓட்டையிலிருந்து நகர்ந்து சிமென்ட் மூட்டைகள் மேல் விழுந்தது. குழந்தைகளும் போய்விட்டார்கள். குண்டின் வீச்சு குறைந்திருந்தது, ஆனால் நிற்கவில்லை. திடீரென்று அம்மா எழுந்து, கோட்டின் தலைமாட்டில் போய்க் குந்தினாள்.

"ஏட்டி, கோட்ட விட்டு வெலகிட்டுல்லா."

ஓடிப்போய்ப் பார்த்தோம். ஆணி சாக்பீஸ் கோட்டை விட்டு இரண்டு விரல் தள்ளித்தான் போய் வந்துகொண்டிருந்தது. எந்தப் பக்கம் விலக வேண்டுமோ அந்தப் பக்கம்தான்.

"யாரும் தொடலையே?"

"இல்லம்மா."

"காத்தோ?"

"காத்துன்னா அங்கயும் இங்கயும் தள்ளும்மா. இது ஒரே பக்கமாத்தான் போகுது."

அவள் அண்ணாந்து கொக்கியைப் பார்த்தாள். கம்பி முறுக்கிக்கொண்டதா என்று கேட்டாள். கட்டடம் சாய்கிறதா என்று கேட்டாள். வீட்டில் என்னைப் பாடாய்ப்படுத்திய அதே கேள்விக்காரிதான். ஆனால் அன்று ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் பதில் இருந்தது, நாங்கள் மூன்று பேரும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னோம். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, தரையைத் தொட்டுப் பார்த்தாள். "அப்பொ இதுதான் சுத்துதா" என்று மெதுவாகச் சொன்னாள். அமைப்பாளன் அப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தான். சிமென்ட் தூசி என்று பிறகு சொன்னான்.

பூந்தமல்லியில் பஸ் ஏறினோம். அம்மா ஜன்னல் ஓரம், காலி கேரியர் மடியில். டெல்லி பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அவளும் வெளியே பார்த்தபடி வந்தாள். ஆவடி நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நீ போற ஊர்ல அது வேகமாத் திரும்புமோ?"

நீ போற ஊர். அதை மனசுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"ஆமாம்மா. இங்க விட ரெண்டு மடங்கு வேகமா."

"அப்பொ எல்லா ஊர்லயும் ஒண்ணு போல இல்லல்லா" என்றாள், ரொம்ப நாள் கணக்கு ஒன்றைத் தீர்த்த மாதிரி. நான் அதை விளக்கப் போகவில்லை.

ஸ்டாப்பிங் வந்தது. கேரியரை என் கையில் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அங்க எல்லாம் வெரசா முடியும்னா, வெரசா முடிச்சிட்டு வந்துருட்டி."